உலக முடிவுக்கு நாள் குறித்த சம்சாரி

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வெர்மான்ட் எல்லையை ஒட்டி, லோ ஹாம்ப்டன் என்றொரு சிற்றூர். அங்கே 1815இல் கட்டிய மரவீடு ஒன்று இன்னும் நிற்கிறது. அதைக் கட்டியவர், 1844க்கு மேல் இந்தப் பூமி தாங்காது என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்ன ஒரு விவசாயி. அவர் வழிவந்த சபையார் 1980களில் அந்த வீட்டை வாங்கி, பழுதுபார்த்து, காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கட்டியவர் திரும்பி வந்து பார்த்தால், 'இன்னுமா இருக்கு இது?' என்றுதான் கேட்பார்.

அவர் பெயர் வில்லியம் மில்லர். 1782இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். நாலு வயதில் குடும்பம் லோ ஹாம்ப்டனுக்குக் குடிபெயர்ந்தது. அது புதுக்குடியேற்றக் காலம். மரத்தை வெட்டி, அடிக்கட்டையைப் பிடுங்கி, கல்லைப் பொறுக்கி வரப்போரம் அடுக்கிய பிறகுதான் விதையைப் பற்றிப் பேசவே முடியும். பதினாறு பிள்ளைகளில் மூத்தவர் என்றால் யார் தலையில் எவ்வளவு வேலை விழுந்திருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் குளிர்காலத்தில் மூன்று மாதம். மற்ற நாளெல்லாம் காடும் கழனியும்தான்.

பையனுக்குப் புத்தகப் பைத்தியம். மெழுகுவத்திக்குக் காசு கொடுக்கத் தகப்பனுக்கு மனமில்லை. அதனால் எல்லாரும் படுத்த பிறகு, பிசின் ஊறிய பைன் கட்டையைக் கணப்பில் செருகி அந்த வெளிச்சத்தில் படிப்பான். ஓர் இரவு தகப்பன் கண்விழித்து, வீடுதான் பற்றிக்கொண்டது என்று பதறி ஓடிவந்தார். மகன் கையில் புத்தகம். இப்போதே போய்ப் படுக்காவிட்டால் சாட்டையால் உரித்துவிடுவேன் என்று விரட்டினார். இன்று போர்வைக்குள் போன் வெளிச்சத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும் பெற்றோர் இதைப் படித்தால் கொஞ்சம் ஆறுதல் அடையலாம். அந்தத் தகப்பனுக்கும் இரவு வெளிச்சம் பிடிக்கவில்லை.

1803இல் கல்யாணம். மனைவி லூசியின் ஊரான வெர்மான்ட் போல்ட்னிக்குப் போய்க் குடித்தனம். அங்கே ஒரு நூலகம் இருந்தது, அதில் வால்டேரும் ஹியூமும் டாமஸ் பெயினும் இருந்தார்கள். தாய்வழித் தாத்தா பாப்டிஸ்ட் பிரசங்கியார். பேரன் டீயிஸ்ட் ஆனான். கடவுள் உலகத்தைப் படைத்ததோடு சரி, அதன் பிறகு நம் விவகாரத்தில் தலையிடுவதில்லை என்ற கட்சி அது. அதோடு விட்டாலும் பரவாயில்லை. தாத்தாவும் சித்தப்பாவும் மேடையில் எப்படிக் குரல் நடுங்கப் பிரசங்கம் செய்வார்கள் என்று நண்பர்களுக்கு நடித்துக் காட்டுவதில் மில்லர் பெரிய கெட்டிக்காரர். நாட்டாண்மை உத்தியோகங்களும் தேடி வந்தன: கான்ஸ்டபிள், துணை ஷெரிப், சமாதான நீதிபதி. ஊரில் மரியாதை, கையில் வருமானம், வாயில் கேலி. முப்பது வயதில் ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

பிறகு யுத்தம் வந்தது. 1812இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் மூண்ட போரில் மில்லர் கேப்டன். 1814 செப்டம்பர் 11 அன்று பிளாட்ஸ்பர்க் சண்டையில் அவருக்கு இரண்டடி தள்ளி ஒரு குண்டு விழுந்து வெடித்தது. பக்கத்தில் இருந்தவர்களில் சிலருக்குக் காயம், ஒருவர் செத்தே போனார். மில்லருக்குக் கீறல்கூட இல்லை. எண்ணிக்கையில் தங்களைவிடப் பல மடங்கு பெரிய பிரிட்டிஷ் படை பின்வாங்கியது. தலையிடாத கடவுள் இதில் எப்படித் தலையிட்டார் என்ற கேள்வி அவரை அரிக்கத் தொடங்கியது.

தகப்பன் இறந்துவிட்டார். மில்லர் லோ ஹாம்ப்டனுக்குத் திரும்பினார், அம்மா இருந்த நிலத்தின் அடமானக் கடனை அடைத்தார், பக்கத்திலேயே தனக்கென்று மேற்சொன்ன வீட்டைக் கட்டிக்கொண்டார். இனி அமைதியாகப் பயிர் செய்வது என்பது திட்டம்.

அம்மாவுக்கு ஒரு குறை. பாதிரியார் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் மகன் கோயிலுக்கு வருவதில்லை. கேட்டதற்கு, டீக்கன்மார் பிரசங்கப் புத்தகத்தை வாசிக்கிற லட்சணம் சகிக்கவில்லை, நானென்றால் ஒழுங்காக வாசிப்பேன் என்றார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, டீக்கன்மார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றுமுதல் எந்தப் பிரசங்கம் என்று அவர்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்க, கடவுள் நம்பிக்கை பாதிகூட இல்லாத மில்லர் எழுந்து நின்று கணீரென்று வாசித்தார். அந்த டீக்கன்மாருக்கு நான் மானசீகமாக ஒரு சால்வை போடுவதுண்டு. வாதம் செய்து ஒருவரை மாற்றுவதைவிட, அவர் வாயாலேயே வாசிக்க வைப்பது எவ்வளவு சுலபம் என்று கண்டுகொண்டவர்கள். 1816 செப்டம்பரில், பிளாட்ஸ்பர்க் வெற்றியின் நினைவுநாளை ஒட்டிய ஞாயிறு, பெற்றோரின் கடமைகளைப் பற்றிய பிரசங்கம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தவருக்குத் தொண்டை அடைத்தது. மேலே வாசிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் அவர் விசுவாசி.

பழைய டீயிஸ்ட் நண்பர்கள் விடுவார்களா? வேதாகமம் முழுக்க முரண்பாடு என்று நீயே சொல்வாயே, இப்போது என்ன என்று கேட்டார்கள். அவகாசம் கொடுங்கள், எல்லாவற்றையும் பொருத்திக் காட்டுகிறேன் என்றார் மில்லர். விளக்கவுரை எதையும் தொடவில்லை. வேதாகமம் ஒன்று, எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் குரூடனின் ஒத்துவாக்கிய அகராதி ஒன்று. வசனம் வசனமாக இரண்டு ஆண்டு. பகலில் ஏர், இரவில் தானியேல் தீர்க்கதரிசி.

தானியேல் புத்தகத்தில் 2300 நாள் என்றொரு கணக்கு வருகிறது. நாள் என்றால் ஆண்டு என்று எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். எருசலேமைத் திரும்பக் கட்டப் பாரசீக அரசன் உத்தரவு கொடுத்தது கி.மு. 457 என்று வைத்தார். 2300இலிருந்து 457ஐக் கழித்தால் 1843. அவர் இந்தக் கழித்தலைப் போட்டு முடித்தது 1818. ஆக, இன்னும் இருபத்தைந்து ஆண்டில் கிறிஸ்து வருவார், உலகம் நெருப்பால் சுத்திகரிக்கப்படும். ஒரு சின்னச் சிக்கல் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூஜ்யம் என்றொரு ஆண்டு கிடையாது. அதைச் சேர்த்தால் 1844. உலகத்தின் ஆயுளில் ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது இப்படித்தான்.

இதில் எனக்கு வியப்பு கணக்கைப் பற்றியதில்லை. கணக்குப் போட்ட பிறகு அவர் செய்ததுதான் வியப்பு. ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. நெருங்கியவர்களிடம் சொன்னார், கடிதம் எழுதினார், மறுபடி மறுபடி சரிபார்த்தார். மற்றபடி பதின்மூன்று ஆண்டு உழுது, விதைத்து, அறுத்து, பிள்ளைகளை வளர்த்தார். இன்று ஒருவருக்கு உலக முடிவின் தேதி தெரியவந்தால் பதின்மூன்று நிமிஷம் பொறுப்பாரா? முதலில் சேனல் தொடங்குவார், அடுத்து 'லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க' என்பார்.

போய் உலகத்துக்குச் சொல் என்று உள்ளே ஒரு குரல் நச்சரித்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பேச வராது, நான் வயல்காரன் என்று மில்லர் சாக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். 1831 ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் நச்சரிப்பு தாங்காமல் கடவுளோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்: யாராவது கூப்பிட்டால் போகிறேன். அந்த ஊரில் யார் வந்து கூப்பிடப் போகிறார்கள் என்ற தைரியம். ஒப்பந்தம் போட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பதினாறு மைல் தள்ளி டிரெஸ்டனிலிருந்து தங்கை வீட்டுப் பையன் ஒருவன் வாசலில் நிற்கிறான்: 'மாமா, நாளைக்கு எங்க ஊர்ல பாதிரியார் இல்ல, நீங்க வந்து அந்த இரண்டாம் வருகையைப் பத்திப் பேசணுமாம்.' மில்லர் பதிலே சொல்லாமல் கோபமாக வெளியேறி, வீட்டை ஒட்டிய மேப்பிள் தோப்புக்குள் போய்விட்டார். வசந்தம் பிறக்கும் நேரத்தில் மரத்தில் துளையிட்டு, வடியும் சாற்றை எங்கள் பக்கம் பதநீர் காய்ச்சுவதுபோலக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிற தோப்பு அது. அங்கே முழங்காலில் நின்று, வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று மன்றாடினார். முடியவில்லை. சாப்பாட்டை முடித்துக்கொண்டு மருமகனோடு கிளம்பினார். வயது நாற்பத்தொன்பது.

அதற்குப் பிறகு அழைப்பு நிற்கவில்லை. முதல் சில ஆண்டுகள் வழிச்செலவெல்லாம் கைக்காசு. கனடாவில் ஒரு பெண்மணி கொடுத்த இரண்டு அரை டாலர் காசுகளைத்தான் ரொம்ப காலம் தனக்குக் கிடைத்த காணிக்கை என்று சொல்லிக்கொண்டிருந்தார். குட்டையான, முகம் சிவந்த, கை நடுங்கும் கிராமத்தார். பேச்சில் அலங்காரம் கிடையாது. வசனத்தைச் சொல்லி, வரலாற்றைச் சொல்லி, கூட்டிக் கழித்துக் காட்டுவார். சந்தையில் மாட்டு விலையைக் கணக்குப் பார்க்கிற அதே ஆட்களுக்கு அந்தப் பாணி பிடித்திருந்தது. 1833 நவம்பரில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கான எரிகற்கள் வானத்திலிருந்து கொட்டியபோது, அவர் சொன்னதைக் கேட்காதவர்களும் கேட்கத் தொடங்கினார்கள்.

அதுவரை கிராமத்துச் சங்கதியாக இருந்ததை நகரத்துச் சங்கதியாக மாற்றியவர் பாஸ்டன் பாதிரியார் ஜோஷுவா ஹைம்ஸ். 1839இல் மில்லரைச் சந்தித்தார். இதை நிஜமாகவே நம்புகிறீரா, நம்பினால் ஏன் உலகம் முழுக்கச் சொல்லவில்லை என்று கேட்டார். அடுத்த ஆண்டே பாஸ்டனில் பத்திரிகை. பிறகு நியூயார்க்கில் இன்னொன்று. தானியேலின் மிருகங்களையும் ஆண்டுகளையும் வரைந்து, 1843 என்று கீழே கொட்டை எழுத்தில் முடியும் துணிப்படங்கள். சுமார் நாலாயிரம் பேர் உட்காரும் கூடாரம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அவ்வளவு பெரிய கூடாரத்தை யாரும் பார்த்ததில்லை என்று கூடாரத்தைப் பார்க்கவே கூட்டம். நீராவி அச்சு இயந்திரமும் ரயிலும் அப்போதுதான் வந்த புதுமைகள். உலகம் முடியப்போகிறது என்பதைச் சொல்ல, உலகத்தின் ஆகப் புதிய சாதனங்கள் எல்லாம் பயன்பட்டன. இன்று நம்மூர் மைதானங்களில் எல்.ஈ.டி. திரையும் டிரோன் கேமராவுமாக நடக்கிற பெருவிழாக்களின் சூத்திரத்தை ஹைம்ஸ் அன்றே எழுதி முடித்துவிட்டார்.

தேதி மட்டும் சொல்லுங்கள் என்று எல்லாரும் நெருக்கினார்கள். மில்லர் மசியவில்லை, யூதர்களின் ஆண்டுக் கணக்குப்படி 1843 மார்ச் 21க்கும் 1844 மார்ச் 21க்கும் இடையில் என்றார். ஆண்டு பிறக்கும் முன்பே, வானத்தில் நீண்ட வாலோடு ஒரு வால்நட்சத்திரம் பகலிலும் தெரிந்தது. அதற்கு மேல் என்ன விளம்பரம் வேண்டும்? அவரைப் பின்பற்றியவர்கள் ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை என்பது மதிப்பீடு. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளில்கூட, நோய்க் காரணம் என்ற இடத்தில் மில்லரின் பெயரை எழுதினார்கள். 1844 மார்ச் 21 வந்தது, போனது. மே மாதமே மில்லர், என் கணக்கில் தவறு, ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதினார்.

அங்கே முடிந்திருக்க வேண்டிய கதை. ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த முகாம் கூட்டம் ஒன்றில் சாமுவேல் ஸ்னோ என்பவர் எழுந்து, யூதர்களின் பாவநிவாரண நாளை வைத்துப் புதுக் கணக்கு போட்டார்: 1844 அக்டோபர் 22. ஆண்டை மட்டும் சொன்னவருக்கு ஆண்டு பொய்த்தது. இவர் நாளையே சொன்னார். இயக்கத்தின் தலைவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் கீழே இருந்தவர்கள் அவரைத் தாண்டி ஓடிவிட்டார்கள். கடைசியில், அக்டோபர் தொடக்கத்தில், இரண்டு வாரமே மிச்சமிருக்கும்போது மில்லரும் சரி என்றார். தலைவர்கள் தொண்டர்களைப் பின்தொடர்வது நம் அரசியல் கண்டுபிடித்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கடைகளைப் பூட்டினார்கள். கடனை அடைத்தார்கள், சிலர் வாங்காத கடனுக்கும் மன்னிப்புக் கேட்டார்கள். பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டவர்கள் உண்டு. விளைந்ததை அறுப்பது, உலகம் தொடரும் என்று நம்புவதற்குச் சமம் அல்லவா? நியூ ஹாம்ப்ஷயரில் லியனார்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் உருளைக்கிழங்கைத் தோண்டவில்லை. பக்கத்து வயல்காரர்கள் நாங்களாவது தோண்டித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், கிடக்கட்டும், அதுவே என் சாட்சி என்றார். அந்த ஆண்டு அந்தப் பக்கமெல்லாம் கிழங்கழுகல் நோய். சீக்கிரம் தோண்டிச் சேமித்தவர்களின் கிழங்கு கிடங்கில் அழுகிப்போனது. மண்ணுக்குள் கிடந்த ஹேஸ்டிங்ஸின் கிழங்கு தப்பியது. வசந்தத்தில் விதைக்கிழங்காக நல்ல விலைக்குப் போனது என்று அட்வென்டிஸ்ட் சபையார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். கிறிஸ்து வரவில்லை, கிழங்குக்கு விலை வந்தது. சொன்னவர்கள் இதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

வெள்ளை அங்கி அணிந்து கூரை மீதும் மரக்கிளை மீதும் ஏறி நின்றார்கள் என்பது இன்னொரு கதை. பத்திரிகைகள் கிளப்பிவிட்டது, அதற்கு ஆதாரம் இல்லை என்று நூறு ஆண்டு கழித்து, 1944இல் பிரான்சிஸ் நிக்கல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். புத்தகத்தைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர், அங்கிக் கதையைச் சொல்பவர்கள் இன்றும் ஏராளம். மில்லர் வீட்டருகே ஒரு பாறை இருக்கிறது. அங்கேதான் அன்று காத்திருந்தார்கள் என்பது மரபு. ஏறிப்போகும் பாறை என்ற பெயரில் அது அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. ஏறியவர் யாருமில்லாத பாறைக்கு அரசு அங்கீகாரம்.

அக்டோபர் 23 விடிந்தது. அழுதார்கள். கேலி செய்ய ஊர் காத்திருந்தது: இன்னுமா மேலே போகவில்லை, மனைவியை விட்டுவிட்டுப் போய்விட்டாயா?

இப்படியொரு காத்திருப்பை நானும் பார்த்திருக்கிறேன், 1979 ஜூலையில். ஸ்கைலாப் விண்கலம் நம் தலையில் விழப்போகிறது என்று வானொலியும் வதந்தியும் சேர்ந்து சொன்ன நாட்கள். தென் தமிழ்நாட்டு நாசரேத் பக்கம் எங்கள் ஊரில் முதலில் செத்தவை கோழிகள். இருக்கிற மட்டும் சாப்பிட்டுப் போவோம் என்று ஆளாளுக்கு அடித்தார்கள். அடுத்து ஆடுகள். பாக்கி வசூலிக்கப் போன மளிகைக் கடை அண்ணாச்சியிடம், 'நாளைக்கே போகப் போறோம், இப்ப என்ன கணக்கு வேண்டிக் கெடக்கு?' என்றார்கள். உலக முடிவை ஆளாளுக்கு விருந்தாகக் கொண்டாடியதில் எங்கள் ஊர் மில்லர் கூட்டத்தாரை வென்றுவிட்டது. அவர்கள் கடனை அடைத்தார்கள், நாங்கள் நிறுத்தினோம்.

பக்கத்துத் தோட்டத்துத் தாத்தா மட்டும் எதிலும் சேரவில்லை. அவர் சனிக்கிழமைச் சபைக்காரர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் மண்வெட்டியைத் தொடமாட்டார். நான் ஓடிப்போய்க் கேட்டேன்:

'தாத்தா, நாளைக்கு உலகம் அழியுதாமே?'

'ஏல, வாழைக்குத் தண்ணி திருப்பினியா?'

'இல்ல தாத்தா.'

'அப்ப மொதல்ல அதப் போயிப் பாரு. அமெரிக்காவுல மில்லர்னு ஒரு சம்சாரி, நம்மள மாதிரி ஆளு, நாளெல்லாம் குறிச்சுப் பாத்தாரு. வரல. வாற அன்னைக்கு வரும். வாழை வாடுனா வாடுனதுதான்.'

மில்லர் என்ற பெயரை நான் முதலில் கேட்டது அப்படி. ஸ்கைலாப் ஆஸ்திரேலியாவில் போய் விழுந்தது. அங்கே எஸ்பரன்ஸ் என்ற ஊரின் நகராட்சி, குப்பை போட்ட குற்றத்துக்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் எழுதிக் கொடுத்தது.

மில்லருக்கு வருவோம். அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஹைம்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். புதிய தேதி ஒன்றைக் குறித்திருப்பதாகவும், அது இன்றைய நாள் என்றும், கிறிஸ்து வரும்வரை ஒவ்வொரு நாளும் அதுவே தேதி என்றும் அதில் சொன்னார். 1845இல் தன் நிலைப்பாட்டை விளக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். எங்கே தவறினேன், எதை இன்னும் நம்புகிறேன் என்று பிரித்துப் பிரித்து எழுதினார். அதே ஆண்டுத் தொடக்கத்தில் அவருடைய உள்ளூர் பாப்டிஸ்ட் சபை அவரை விலக்கியது. டீக்கன்மார் எந்தச் சபையில் அவரை எழுப்பி நிறுத்தி வாசிக்க வைத்தார்களோ, அதே சபை. நாத்திகத்தின் ஓரத்தில் நின்றபோது மேடை கொடுத்தார்கள். நம்பிக்கை முற்றியபோது வெளியே அனுப்பினார்கள். 1848இல் தன் வீட்டருகே நிலத்திலேயே ஒரு சிறு ஆலயம் கட்டிக்கொண்டார். உலகம் முடிந்துவிடும் என்று சொன்னவர் அதற்கு நாலு ஆண்டு கழித்து அஸ்திவாரம் போடுகிறார். கட்டடம் இன்னும் உறுதியாக இருக்கிறது.

அந்த ஆண்டே கண்பார்வை போயிற்று. வேதாகமத்தை வசனம் வசனமாகப் பிரித்த மனிதருக்குப் பிறர் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. 1849 டிசம்பர் 20 அன்று பிற்பகல் இறந்தார். வயது அறுபத்தேழு. ஹைம்ஸ் பக்கத்தில் இருந்தார். குறித்த காலத்தில் முடிவு வரும் என்ற பொருளில் தானியேலிலிருந்து ஒரு வாக்கியத்தைக் கல்லறையில் பொறித்தார்கள். கல்வெட்டுக்காரர் ஆண்டு எதுவும் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு எல்லாருக்கும் அனுபவம் வந்துவிட்டது.

அவர் விட்டுப்போன கூட்டம் பல துண்டாக உடைந்தது. அதில் ஒரு துண்டு, அக்டோபர் 22 தேதி சரி, நடந்தது பூமியில் இல்லை, பரலோகத்தில் என்று விளக்கம் சொன்னது. பூமியில் நடக்காத ஒன்றை யாரும் பொய் என்று நிரூபிக்க முடியாது. கணக்கில் மில்லரைவிடக் கெட்டிக்காரர்கள். சனிக்கிழமையே ஓய்வுநாள் என்றும் அவர்கள் ஏற்றார்கள். மில்லர் இது இரண்டையும் ஏற்காமலே இறந்தார். ஆனாலும் அவரை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. மற்றவர்கள் அவர் மனதைத் திருப்பிவிட்டார்கள், அவருடைய மண்ணைத் தேவதூதர்கள் காவல் காக்கிறார்கள் என்று அவர்களை வழிநடத்திய எலன் ஒயிட் அம்மையார் எழுதினார். 1863இல் மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில் 3,500 பேரோடு ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபை முறைப்படி அமைந்தது. உலகம் முடியும் தறுவாயில் சங்கம், சட்டதிட்டம், பெயர்ப்பலகை எதற்கு என்று அப்போதே சிலர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் தோற்றார்கள். இன்று உறுப்பினர் இரண்டு கோடிக்கு மேல். கல்லூரி, ஆஸ்பத்திரி, அச்சகம், ஓய்வூதியத் திட்டம் எல்லாம் உண்டு.

எங்கள் பக்கத்துக்கு அது வந்த வழி சுவாரசியமானது. 1857இலேயே நாசரேத் பகுதியில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை ஆங்கிலிகன் மிஷனை விட்டுப் பிரிந்து தனிச் சபை கண்டார். வெள்ளைக்காரப் பாதிரிகளின் அதிகாரம் வேண்டாம் என்றவர், சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரித்தார். லோ ஹாம்ப்டனை அவர் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. வேதாகமத்தை அவரும் தானாகத்தான் வாசித்தார். 1908இல் ஜே. எஸ். ஜேம்ஸ் என்ற அட்வென்டிஸ்ட் ஊழியர் குடும்பத்தோடு பிரகாசபுரத்தில் வந்து இறங்கியபோது, அமெரிக்கர் சொல்லித்தர வந்த சனிக்கிழமை அங்கே ஏற்கெனவே ஐம்பது வயதாகி உட்கார்ந்திருந்தது. ஜேம்ஸ் பெயரில் இன்றும் அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது. உலகத்துக்கு இனி நாள் இல்லை என்ற செய்தியின் கிளைக்கு, பன்னிரண்டு ஆண்டு படிக்கிற பள்ளி.

அந்தச் சபையின் வழியாக நம்மிடம் வந்த அடுத்தது காலை உணவு. உலக முடிவுவரை உடம்பைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று அட்வென்டிஸ்ட்கள் இறைச்சி, சாராயம், புகையிலையை விலக்கினார்கள். பேட்டில் கிரீக்கில் அவர்கள் நடத்திய ஆரோக்கிய நிலையத்தின் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், தம்பியோடு சேர்ந்து 1894இல் தானியத்தைச் சீவல் ஆக்கும் முறையைக் கண்டுபிடித்தார். தம்பி அதைக் கம்பெனி ஆக்கினார். அண்ணனை 1907இல் சபை விலக்கியது. கெல்லாக்ஸ் இந்தியாவுக்கு வந்தது 1994இல். 1844, 1894, 1994. தானியேலின் எண்களை அவ்வளவு ஆசையாகக் கூட்டிப் பார்த்த மில்லர் இருந்திருந்தால், இதிலும் ஒரு தீர்க்கதரிசனம் கண்டிருப்பார். நாம் கண்டது, சூடான பால் ஊற்றியதும் கார்ன்ஃபிளேக்ஸ் கஞ்சியாகிவிடுகிறது என்பதை.

எல்லாக் கிளையும் இப்படி இனிப்பாகப் பழுக்கவில்லை. கிளையின் கிளையாகப் பிரிந்த ஒரு கூட்டம் டெக்சஸ் மாநிலம் வேகோவில் முடிவுக்குக் காத்திருந்து, 1993 ஏப்ரலில் அரசுப் படை முற்றுகையின்போது தீயில் எழுபதுக்கு மேற்பட்டவர்களோடு அழிந்தது. அதைச் சொல்லும்போது எனக்குக் கேலி வரவில்லை.

ஆனால் மூலக்கிளையின் கதை வேறு. கலிபோர்னியாவின் அட்வென்டிஸ்ட்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2001இல் வெளியானது. அங்குள்ள மற்ற வெள்ளையர்களைவிட அவர்களில் ஆண்கள் ஏழு ஆண்டுக்கு மேலும், பெண்கள் நாலு ஆண்டுக்கு மேலும் அதிகம் வாழ்கிறார்கள். நாளையே கிளம்பத் தயாராக இருக்கச் சொன்னவரின் வாரிசுகள்தான் அமெரிக்காவிலேயே கிளம்ப ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறவர்கள்.

நாள் குறிப்பது மில்லரோடு ஓயவில்லை. ஹெரால்ட் கேம்பிங் என்ற கலிபோர்னிய வானொலிப் பிரசங்கியார் 1994 செப்டம்பர் என்றார், தவறியது. பிறகு 2011 மே 21 என்றார். விளம்பரப் பலகைகள் நாடெங்கும் எழுந்தன, சேமிப்பையெல்லாம் விளம்பரத்தில் கொட்டியவர்களும் உண்டு. மே 22 வழக்கம்போல் விடிந்ததும், அது கண்ணுக்குத் தெரியாத நியாயத்தீர்ப்பு, நிஜ முடிவு அக்டோபர் 21 என்று தவணை மாற்றினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அவரும் தவறை ஒப்புக்கொண்டார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 2012இல் மாயன் காலண்டர். அதற்கு மன்னிப்புக் கேட்க ஆளே கிடைக்கவில்லை. நம்மூர் வாட்ஸப்பில் சுனாமிக்கும் நிலநடுக்கத்துக்கும் கிரகச் சேர்க்கைக்கும் மாதம் ஒரு தேதி வருகிறது. தவறினால் அதே கை அடுத்த தேதியை அனுப்புகிறது.

இந்த வரிசையில் மில்லரை வைத்துப் பார்த்தால் அவர் படிப்பில்லாத கிராமத்தார், கணக்கில் பூஜ்யத்தைத் தவற விட்டவர், பிடிவாதக்காரர். ஆனால் தேதி தவறியபோது விளக்கத்தைத் தேடி ஓடாமல், தவறினேன் என்று தன் பெயரைப் போட்டு அச்சிட்டுக் கொடுத்தவர். அடுத்தமுறை உங்கள் குழுவில் உலக முடிவுக்கு யாராவது நாள் குறித்து அனுப்பினால் வாதாட வேண்டாம். தவறினால் அந்தச் சம்சாரியைப்போல் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்று ஒரு வரி கேளுங்கள். கேட்டுவிட்டுப் போய் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுங்கள், பதில் வராது.